ஏரோஸ்பேஸ் கம்பெனியில் மெஷினிஸ்ட் அப்ரண்டிஸ்: ஒரு வருஷம் போகலாமா?

ஊத்தங்கரைப் பொண்ணு:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். கவர்மெண்ட் ஐடிஐ-ல மெஷினிஸ்ட் ட்ரேடு ரெண்டு வருஷம் முடிச்சிருக்கேன். இப்ப கையில ரெண்டு வாய்ப்பு இருக்கு. ஒண்ணு ஓசூர்ல கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனி, காண்ட்ராக்ட்ல சிஎன்சி (கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடுற மெஷின்) ஆப்பரேட்டர் வேலை. பஸ், கேண்டீன் எல்லாம் உண்டு, சம்பளமும் பரவாயில்ல. இன்னொண்ணு பெங்களூர் தேவனஹள்ளி பக்கம் விமானத்துக்குப் பார்ட்ஸ் பண்ற கம்பெனி. அங்க ஒரு வருஷம் அப்ரண்டிஸ். ஸ்டைபண்ட், ஓசூர் சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல வரும். தங்குற செலவு நம்மளோடது.

எங்க ஐடிஐ-ல லேத், மில்லிங் எல்லாம் சார் நல்லாவே சொல்லிக் குடுத்தார். சிஎன்சி மட்டும் ஒரே மெஷின். பேட்ச் மொத்தமும் சுத்தி நின்னு பாக்குறதுதான், கை வைக்க முறை வர்றது அபூர்வம்.

அப்பா "ஓசூருக்கே போம்மா, கிட்டத்துல இருக்கு"ங்கிறார். எனக்கு மனசு விமானப் பக்கம்தான் இழுக்குது. ஆனா அப்ரண்டிஸ்னு சொல்லிட்டு ஜாப் (மெஷின்ல வெட்டுற உலோகத் துண்டு) தூக்க வைக்கிறது, கூட்ட வைக்கிறதுன்னு வருஷத்தை ஓட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அங்க நிஜமா என்னதான் கத்துக் குடுப்பாங்க? முடிச்சா வேலை நிச்சயமா? டைட்டானியம் தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே, அது உண்மையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிப்காட் பி-ஷிஃப்ட்:

தங்கச்சி, வீட்டு நிலைமை எப்படின்னு முதல்ல பாருங்க. மாசாமாசம் பணம் அனுப்பணும்னா ஓசூருக்கே போங்க. கார் பார்ட்ஸ் லைன்ல இருந்து கத்துக்கிட்டு மேல போனவங்க நிறையப் பேர் இருக்காங்க, அனுபவம் எங்க இருந்தாலும் அனுபவம்தான். பெங்களூர்ல ரூம் வாடகை, சாப்பாடு போக ஸ்டைபண்ட்ல ஒண்ணும் மிஞ்சாது.

ஐந்து ஆக்சிஸ்:

நான் அரூர்க்காரன். இதே மாதிரி அப்ரண்டிஸா உள்ள போய், இப்ப பெங்களூர்ல அஞ்சு ஆக்சிஸ் (அஞ்சு அச்சுல அசையுற) மெஷின்ல செட்டரா, அதாவது ஜாப்பையும் டூலையும் பொருத்தி மெஷினைத் தயார் பண்றவனா இருக்கேன். சிப்காட் நண்பர் சொன்னதுல பணக் கணக்கு சரி. "அனுபவம் எங்க இருந்தாலும் அனுபவம்"ங்கிறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

கார் பார்ட்ஸ் லைன்ல ஒரே பார்ட் ஆயிரக்கணக்குல ஓடும். செட்டிங் ஒருத்தர் பண்ணிட்டுப் போயிடுவார். காண்ட்ராக்ட் ஆப்பரேட்டருக்கு ஜாப் ஏத்தறது, இறக்கறது, நடுவுல கேஜ் போட்டுப் பாக்குறது, அவ்வளவுதான். அந்த லைன்ல இருக்கிற ஒழுங்கு பெரிய விஷயம், அதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அஞ்சு வருஷம் நின்னாலும் ஜி54-ல ஆஃப்செட் எடுக்க, அதாவது ஜாப்போட ஜீரோ எங்கன்னு மெஷினுக்குச் சொல்லத் தெரியாம வெளிய வர்றவங்களைப் பாத்திருக்கேன். விமானப் பார்ட்ல எண்ணிக்கை கம்மி. இன்னைக்கு ஒரு பார்ட் நாலு பீஸ், நாளைக்கு வேற பார்ட் பத்து பீஸ். அதனால செட்டிங் ஓயாது. ஜாப்பைப் பிடிக்கிற ஃபிக்சரை பெட்ல ஏத்தி, பப்பி டயல்ங்கிற சின்ன முள் கேஜை ஓட்டி நேர் பாத்து, டூல் லெங்த் எடுத்து, முதல் பீஸை ப்ரோக்ராம்ல ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி ஓட்டுறது திரும்பத் திரும்ப வரும். நீங்க கத்துக்க வேண்டியது அதைத்தான்.

ஆனா போன உடனே மெஷின் கிடைக்காது. முதல்ல டீபர்ரிங் (வெட்டின ஓரத்துப் பிசிறை எடுக்கிற) டேபிள்லதான் உக்கார வைப்பாங்க. எடுபிடி வேலைன்னு நினைச்சு நிறையப் பசங்க அங்கயே மனசு விட்டுப் போறாங்க. அந்த டேபிள்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். 7075-ங்கிற உறுதியான அலுமினியக் கலவையில ஒரு ரிப், அதாவது விமானச் சட்டத்துல ஒரு பாகம். ரெண்டு பக்கமும் பாக்கெட்னு குடைஞ்ச பள்ளம், நடுவுல வெப்ங்கிற மெல்லிய சுவர் ஒண்ணரை மில்லிமீட்டர். எண்ட் மில் (வெட்டுற டூல்) போன ஓரத்துல எல்லாம் பிசிறு நிக்கும். டிராயிங்ல ஓரத்தை 0.2-ல இருந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ள உடைக்கணும், அதாவது கூர் எடுக்கணும்னு போட்டிருக்கும். ஸ்கிரேப்பரை ஒரே சாய்வுல, ஒரே அழுத்தத்துல இழுக்கணும். நடுவுல நிறுத்தினா அந்த இடத்துல ஒரு படி விழும். விளக்கைப் பக்கவாட்டுல வெச்சுப் பாத்தா அது தெரியும், நகத்தை ஓட்டினா தட்டும். வானத்துல லட்சக்கணக்கான தடவை அதிர்ற பார்ட் அது. கூரான ஓரமோ கீறலோ இருந்தா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அந்த டேபிள்ல இருந்து எழுந்து வரும்போது எந்த டூல் எந்தப் பக்கம் பிசிறு தள்ளும், டூல் மழுங்கினா ஓரம் எப்படி மாறும்னு உங்க விரலுக்கே தெரிஞ்சிருக்கும். பின்னாடி மெஷின்ல நிக்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

அடுத்தது பேப்பர். ஒவ்வொரு ஜாப் கூடவும் ரூட் கார்டு வரும். எந்த ஆபரேஷன், எந்த மெஷின், எந்த ப்ரோக்ராம் ரிவிஷன், யார் பண்ணாங்க, யார் பாத்தாங்கன்னு கையெழுத்து, ஸ்டாம்ப் எல்லாம் அதுல இருக்கும். மெட்டீரியலுக்கு ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்குல வந்த உலோகம்னு காட்டுற எண் உண்டு. பிளேட்ல இருந்து துண்டு வெட்டுறதுக்கு முன்னாடியே அந்த நம்பரை மிச்சத் துண்டுலயும் எழுதியாகணும். விட்டுப்போச்சுன்னா அந்த மிச்சம் எவ்வளவு நல்ல உலோகமா இருந்தாலும் விமானத்துக்கு ஆகாது, ஸ்கிராப்தான். ஏஎஸ்9100 தரச் சான்று இருக்கிற எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தக் கண்டிப்பு இருக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னு கேட்டா, எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்ன ஒரு விபத்தையே நானும் சொல்றேன். 1996 ஜூலை 6, அமெரிக்காவுல பென்சகோலா. டெல்டா 1288, எம்டி-88 விமானம், ரன்வேல வேகம் எடுத்துட்டு இருக்கு. இடது இன்ஜினோட ஃபேன் ஹப், அதாவது விசிறி இலைகளைப் பிடிச்சு நிக்கிற நடுப்பகுதி உடைஞ்சு, துண்டுகள் கேபினைப் பிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. ரெண்டு பயணிகள் இறந்துட்டாங்க. ஹப் டைட்டானியம். விசாரணையில காரணம் ஒரு ஓட்டையில போய் நின்னுச்சு. பல வருஷம் முன்னாடி ஃபேக்டரியில டை ராடு (இணைக்கிற கம்பி) ஓட்டை போடும்போது டிரில் சூடேறி, ஓட்டைச் சுவர்ல உலோகத்தோட தன்மையே மாறி இறுகிப்போயிருக்கு. விரிசல் அங்க ஆரம்பிச்சு வளர்ந்திருக்கு. பராமரிப்புல சாயம் விட்டுப் பாத்த சோதனையிலயும் அது கண்ணுல படல. அளவு பாத்தா அந்த ஓட்டை பாஸ் ஆகியிருக்கும். அதனாலதான் டிரில் எந்த ஆர்பிஎம், எந்த ஃபீட், எத்தனை ஓட்டைக்கு ஒரு தடவை மாத்தணும்னு ப்ராசஸ் ஷீட்ல பூட்டி வைக்கிறாங்க. சீக்கிரம் முடியட்டும்னு வேகத்தைக் கூட்டுற ஓவர்ரைடு நாபைத் திருப்புறது இந்த வேலையில கிடையாது. டூல் உடைஞ்சா, சத்தம் மாறினா, மெஷினை நிறுத்திட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடணும். நிறுத்தினதுக்காகத் திட்டுற இடமா இருந்தா அது நல்ல கம்பெனி இல்ல.

டைட்டானியம் பத்திக் கேட்டீங்க. தீப்பிடிக்கும், உண்மைதான். பெரிய துண்டு பிடிக்காது. மெல்லிய சிப்ஸும் தூளும்தான் பிடிக்கும். பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது. மெட்டல் தீக்குன்னே இருக்கிற டி-கிளாஸ் பவுடர், இல்லன்னா காய்ஞ்ச மணல். சேர்ந்த அன்னைக்கே அந்த சிலிண்டர் எங்க மாட்டியிருக்குன்னு பாத்து வெச்சுக்குங்க. சிப்ஸை மெஷினுக்குள்ள சேர விடாம அள்ளிட்டா பயம் இல்ல. டைட்டானியம் சூட்டை அவ்வளவாக் கடத்தாது, அதனால சூடு முழுக்க டூல் முனையிலயே நிக்கும். அலுமினியத்துல நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான மீட்டர் வேகத்துல ஓடுற கைக்கு, டைட்டானியத்துல 50 மீட்டர் பக்கம் பொறுமையா ஓட்டுறது முதல்ல கஷ்டமா இருக்கும். இன்கனல்ங்கிற நிக்கல் கலவை இன்னும் முரடு. டூல் வெட்டாம உரசினா மேல்தோல் இறுகிடும், அடுத்த பாஸ்ல இன்சர்ட் (டூல்ல மாட்டுற வெட்டு முனை) போயிடும்.

என் அபிப்பிராயத்துல இதுல அழகான வேலை மெல்லிசு அலுமினிய ஜாப்தான். பெரிய பிளேட்ல பத்துல ஒம்பது பங்கு சிப்ஸாப் போய், எலும்புக்கூடு மாதிரி ஒரு பார்ட் வெளிய வரும். பிளேட்டுக்குள்ள ஏற்கெனவே இருந்த இறுக்கம் விட்டுப்போய், கிளாம்ப்பைக் கழட்டின உடனே பார்ட் வளையும். அதனால ரெண்டு பக்கமும் ரஃபிங் (முதல் கரடு வெட்டு) முடிச்சுட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தி அதை வளைய விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் பரப்பைச் சரி பண்ணி ஃபினிஷிங் போவோம். எவ்வளவு தளர்த்தணும்கிறதை எந்த ஷீட்லயும் முழுசா எழுத முடியாது. கூட நின்னுதான் கத்துக்கணும்.

வேலை நிச்சயமான்னா, இல்லம்மா. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி முடிச்சவங்களுக்கு வேலை குடுத்தே ஆகணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் இல்ல. ஆனா வருஷ முடிவுல அகில இந்திய ட்ரேடு டெஸ்ட் எழுதி பாஸானா நேஷனல் அப்ரண்டிஸ்ஷிப் சர்டிஃபிகேட் கிடைக்கும். எச்ஏஎல் (அரசு விமானத் தயாரிப்பு கம்பெனி) மாதிரி இடங்கள்ல டெக்னீஷியன் விளம்பரத்துல ஐடிஐ-யோட அதையும் கேக்குறதைப் பாத்திருப்பீங்க. இந்த சர்டிஃபிகேட் வரணும்னா உங்க அப்ரண்டிஸ் காண்ட்ராக்ட் அரசோட அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டல்ல (வெப்சைட்ல) பதிவாகியிருக்கணும். வெறும் ட்ரெய்னின்னு ஆர்டர் குடுத்து வருஷம் முழுக்க ஆப்பரேட்டர் வேலை வாங்குற கம்பெனிகள் உண்டு, எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அப்படி ஏமாந்தான். அதனால ஹெச்ஆர் கிட்ட மூணு விஷயம் கேளுங்க. காண்ட்ராக்ட் போர்ட்டல்ல ஏறுமா, எத்தனையாவது மாசத்துல மெஷினுக்கு அனுப்புவீங்க, எனக்குச் சொல்லிக் குடுக்கப்போறவர் யாரு. 2019-ல திருத்தின விதியில ஐடிஐ முடிச்சவங்களுக்கு ஸ்டைபண்ட் மாசம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு வெச்சாங்க, இப்ப எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. அப்ரண்டிஸை அனுமதி வாங்காம ஓவர்டைம் நிறுத்தவும் கூடாது.

மைக்ரான் அக்கா:

தம்பி விவரமா சொல்லிட்டார். நான் சிஎம்எம்-ல (ஜாப்பைத் தொட்டு அளக்குற மெஷின்) இன்ஸ்பெக்டர், அளக்குற பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மெஷின்ல இருந்து சுடச்சுட எடுத்த ஜாப்பை அளந்துட்டு "சைஸ் ஓகே அக்கா"ன்னு கொண்டு வருவாங்க. உலகம் முழுக்க அளவுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. அரை மீட்டர் நீள அலுமினிய ஜாப் 30 டிகிரியில இருந்தா 0.11 மில்லிமீட்டருக்கு மேல நீண்டு நிக்கும். டாலரன்ஸே (அளவு விலகலாம்னு விடுற எல்லை) மொத்தம் 0.1 மில்லிமீட்டர்னு வையுங்க, என்ன ஆகும்? அதனாலதான் எங்க ரூம்ல ஏசி எப்பவும் ஓடுது, ஜாப்பும் கேஜும் ஒரே ரூம்ல பல மணி நேரம் கிடந்த பிறகுதான் அளக்குறோம். அப்ரண்டிஸ் காலத்துல எப்படியாவது இன்ஸ்பெக்ஷன்ல கொஞ்ச நாள் போடச் சொல்லிக் கேளுங்கம்மா. டேட்டம் (அளவு எடுக்கத் தொடங்குற பரப்பு) எது, பொசிஷன் டாலரன்ஸ் (ஓட்டை மாதிரி விஷயம் இடம் விலகலாம்ங்கிற எல்லை) எப்படி வேலை செய்யுதுங்கிறது சிஎம்எம் பக்கத்துல நின்னு பாத்தா மண்டையில ஏறிடும்.

பொண்ணுன்னு யோசிக்காதீங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேர் பொண்ணுங்கதான். கனமான ஃபிக்சரை ஆம்பளைங்களும் கையில தூக்குறதில்ல, கிரேன்தான். பஸ் ரூட் எந்த வழியா வருதுன்னு கேட்டுட்டு, அந்த ரூட்லயே லேடீஸ் பிஜி பாருங்க. ரெண்டு மூணு பேர் ஷேரிங்னா செலவு கட்டுப்படும். அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டிடுங்க, அவருக்கும் நிம்மதி.

ஊத்தங்கரைப் பொண்ணு:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஹெச்ஆர்க்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். காண்ட்ராக்ட் போர்ட்டல்ல பதிவு பண்ணுவோம்னு சொன்னாங்க. முதல் மூணு மாசம் ட்ரெயினிங் பகுதியும் டீபர்ரிங்கும், அதுக்கப்புறம் மூணு ஆக்சிஸ் விஎம்சி (செங்குத்தா டூல் நிக்கிற சிஎன்சி மில்லிங் மெஷின்)-ன்னாங்க. யார் சொல்லிக் குடுப்பாங்கன்னு கேட்டதுக்கு, ட்ரெயினிங் பாக்குற சீனியர் ஒருத்தர் கிட்டயே ஃபோனைக் குடுத்துட்டாங்க. அவரும் பொறுமையாப் பேசினார். அப்பா வர்ற வாரம் கூட வந்து பாக்குறேன்னு சொல்லிட்டார். சேர இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, அதுக்குள்ள என்ன படிக்கட்டும்?

ஐந்து ஆக்சிஸ்:

ஃபோனைச் சொல்லிக் குடுக்கிறவர் கிட்டயே குடுத்தாங்கன்னா நல்ல இடம்தான், போங்க.

முதல்ல டிராயிங். ஐடிஐ-ல நமக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறைதான் (படத்துல ஒவ்வொரு பக்கத்தையும் எங்க வரையறதுங்கிற முறை) பழக்கம். அமெரிக்க டிராயிங் வந்தா தேர்டு ஆங்கிள், அளவும் இன்ச்ல இருக்கும். ஒரே படத்தை ரெண்டு முறையிலயும் வரைஞ்சு பழகுங்க. ஒரு தவ் (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) 0.0254 மில்லிமீட்டர்ங்கிறது தூக்கத்துல கேட்டாலும் வரணும்.

அடுத்து ட்ரிக்னாமெட்ரி. 120 மில்லிமீட்டர் பிசிடி-ல (ஓட்டை சென்டர்கள் வர்ற வட்டத்தோட விட்டம்) 6 ஓட்டை, நடு சென்டர் ஜீரோ. முதல் ஓட்டை எக்ஸ் 60, ஒய் 0. அடுத்தது எக்ஸ் 30, ஒய் 51.962. மீதி நாலையும் நீங்களே போட்டுப் பாருங்க. அப்புறம் 8 ஓட்டை, 5 ஓட்டைன்னு மாத்திப் போடுங்க. சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒண்ணு சொந்தமா வாங்கிக்குங்க.

ஐடிஐ சார் கிட்ட கேட்டு மைக்ரோமீட்டரும் போர் டயலும் (ஓட்டையோட உள் அளவு பாக்குற கருவி) வாங்கி, ஒரே ஜாப்பைப் பத்துத் தடவை அளந்து எழுதுங்க. ரீடிங் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஓடுதுன்னு பாத்தா உங்க கை அழுத்தம் உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, ஸ்டைபண்ட்ல அரசு பங்கு நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரும். கணக்கு ஆதாரோட இணைஞ்சிருக்கான்னு இப்பவே பேங்க்ல கேட்டு வெச்சுக்குங்க. சேர்ந்த பிறகு போர்ட்டல்ல உங்க லாகின்ல காண்ட்ராக்ட் வந்திருக்கான்னு திறந்து பாருங்க. ட்ரேடு பேர் மெஷினிஸ்ட்னுதான் இருக்கணும், வேற ஏதாவது இருந்தா அன்னைக்கே ஹெச்ஆர் கிட்ட சொல்லி மாத்திடுங்க.