கரடி வைரஸா, வெறும் கரடியா?

பெருந்துறைக்காரன் | காலை 7:42

போன வாரம் பழைய கம்ப்யூட்டர் கதை பேசிக்கொண்டிருந்தபோது காங்கயம்காளை அண்ணன் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "2002-ல் வந்த கரடி வைரஸை எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் பதினோரு கம்ப்யூட்டரிலும் என் கையாலேயே அழித்தேன், இல்லையென்றால் அன்றைக்கே கம்பெனியை இழுத்து மூடியிருப்பார்கள்." அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அது வைரஸே இல்லைங்ணா. விண்டோஸோடு வந்த ஃபைல். பேர் ஜேடிபிஜிஎம்ஜிஆர். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் பிழை பார்ப்பதற்கான சமாச்சாரம். ஐகானாக ஒரு சாம்பல் நிறக் கரடி பொம்மையைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். யாரோ ஒரு புண்ணியவான், "இந்தக் கரடி 14 நாள் சும்மா கிடந்துவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிடும், நார்ட்டன், மெக்கஃபி மாதிரி வைரஸ் பிடிக்கிற புரோகிராம்களும் கண்டுபிடிக்காது, உடனே அழித்துவிட்டு உங்கள் அட்ரஸ் புக்கில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்று மெயில் விட்டான். ஜனங்கள் தேடிப் பார்த்தார்கள், கரடி இருந்தது. விண்டோஸோடு வந்தது இல்லாமல் எங்கே போகும்?

காங்கயம்காளை | காலை 8:05

தம்பி, ஒரே ஒரு கேள்வி. மைக்ரோசாப்ட் எவ்வளவு பெரிய கம்பெனி. அவன் விண்டோஸுக்குள்ளே கரடி பொம்மையை வைப்பானா? நம்ம ஊர் பனியன் அட்டைப்பெட்டியில் குரங்குப் படம் போட்டால் வெளிநாட்டு பையர் வாங்குவானா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசு.

பெருந்துறைக்காரன் | காலை 8:11

வைத்தான். வைத்ததால்தான் இந்தக் கூத்தே. ஜன்னல் படம் போட்டிருந்தால் ஒருத்தரும் பயந்திருக்க மாட்டீர்கள்.

காங்கயம்காளை | காலை 8:30

கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, நடந்ததைச் சொல்கிறேன். மெயில் வந்த அன்றைக்கே பதினோரு மெஷினிலும் தேடினேன், பதினொன்றிலும் கரடி. அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். காலண்டரில் 14 நாளை எண்ணி வட்டம் போட்டேன். பதினைந்தாம் நாள் விடிகாலை ஆறு மணிக்கே ஆபீசைத் திறந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்தேன். பதினொன்றும் பூப்போல எழுந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெருந்துறைக்காரன் | காலை 8:34

நொய்யலில் முதலை வருகிறது என்று யாரோ சொன்னான், கதவைச் சாத்திப் படுத்தேன், முதலை வரவில்லை, கதவுதான் காப்பாற்றியது. அந்தக் கதைங்ணா இது.

பொள்ளாச்சி இளநீர் | காலை 8:40

நொய்யலில் சாயத்தண்ணி ஓடின காலத்தில் முதலை வந்திருந்தால் அதுதான் செத்திருக்கும்.

எனக்கு வேறொரு சந்தேகம். ஃபைல் பேரின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். எம்ஜிஆர்! காங்கயத்தில் உட்கார்ந்துகொண்டு எம்ஜிஆர் பேர் வைத்த ஃபைலைப் பதினோரு தடவை அழித்திருக்கிறீர்களே மாமா, ஊரில் சும்மா விட்டார்களா?

காங்கயம்காளை | காலை 8:52

விளையாட்டுப் பேச்சு வேண்டாம். 1977-ல் முதல் ஓட்டே நான் இரட்டை இலைக்குத்தான் போட்டேன். அது மேனேஜர் என்பதன் சுருக்கம் என்று எனக்கும் தெரியும்.

பெருந்துறைக்காரன் | காலை 8:54

மேனேஜர் என்று தெரியுமாம், விண்டோஸ் ஃபைல் என்று மட்டும் தெரியாதாம்.

மஞ்சமண்டி ஈரோடு | காலை 9:20

காளை அண்ணன் பக்கம்தான் நான். 1999 ஏப்ரல் 26, மறக்கவே மாட்டேன். செர்னோபில் வைரஸ் வருகிறது என்று தெரிந்த பையன் ஒருத்தன் சொன்னான். நானும் இந்தப் பெருந்துறைத் தம்பி மாதிரி சிரித்தேன். அன்றைக்குக் காலையில் மண்டிக் கணக்கு கம்ப்யூட்டர் எழவே இல்லை. கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பயாஸையே அழித்துவிட்டது, போர்டையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த வருசத்து மஞ்சள் வரவு செலவு மொத்தமும் போச்சு. அடுத்த வருசமே மே மாதம் ஐ லவ் யூ என்று ஒன்று வந்து ஊரையே கலக்கியது. எச்சரிக்கை சொன்னவனைக் கிண்டல் செய்கிறவன் நஷ்டப்பட்டுத்தான் திருந்துவான்.

பெருந்துறைக்காரன் | காலை 9:31

செர்னோபில் நிஜ வைரஸ் அண்ணா, தைவான் பையன் எழுதியது. ஐ லவ் யூவும் நிஜம், பிலிப்பைன்ஸில் கிளம்பியது. நான் எப்போது அதையெல்லாம் பொய் என்றேன்? கரடியைத்தான் பொய் என்றேன். இந்தப் பொய் எச்சரிக்கை வியாபாரம் 1994-லேயே இருக்கிறது. குட் டைம்ஸ் என்று தலைப்புப் போட்ட மெயிலைப் படித்தாலே ஹார்ட் டிஸ்க் அழியும் என்றார்கள். அப்படி ஒரு வைரஸ் வரவே இல்லை, எச்சரிக்கை மட்டும் வருசக்கணக்காக ஊர் சுற்றியது. 2006-ல் ஒலிம்பிக் ஜோதி என்றார்கள், திறந்தால் ஹார்ட் டிஸ்கே எரிந்துபோகுமாம். நேற்று அதே ஜோதியைத் தமிழில் யாரோ மாற்றி எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். போட்டது யார் என்று சொல்ல மாட்டேன், காங்கயத்துக்காரர்.

சிங்காநல்லூர் டீச்சர் | காலை 10:02

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்க. வைரஸ் என்றால் எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே நகல் எடுக்கிற புரோகிராம்தான் வைரஸ். கரடி மெயிலில் புரோகிராமே கிடையாது. நகல் எடுத்தது மனுசர்கள், ஃபைலை அழித்ததும் மனுசர்கள்தான்.

காங்கயம்காளை | காலை 10:06

பாடம் அப்புறம் எடுக்கலாங்க டீச்சர். மைக்ரோசாப்ட் கரடி பொம்மை வைப்பானா, மாட்டானா?

சிங்காநல்லூர் டீச்சர் | காலை 10:15

வைத்திருந்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2001-ல் சல்ஃப்என்பிகே என்ற ஃபைலை அழிக்கச் சொல்லி இதே மாதிரி மெயில் வந்தது. அதுவும் விண்டோஸ் ஃபைல்தான், நீளமான ஃபைல் பேர்களைக் காப்பாற்றி வைக்கிற வேலை அதற்கு. அந்தச் சமயத்தில் மாஜிஸ்டர் என்ற நிஜ வைரஸ், பிடித்த கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல்களை மெயிலில் அனுப்பும். அப்படி அந்த ஃபைலும் சில பேருக்கு வைரஸோடு போயிருக்கிறது. அதனால் வதந்தி முழுக்கக் காற்றில் முளைத்தது என்றும்...

காங்கயம்காளை | காலை 10:17

ஆச்சு! டீச்சரே ஒத்துக்கொண்டுவிட்டார். நெருப்பில்லாமல் புகையாது.

சிங்காநல்லூர் டீச்சர் | காலை 10:19

நான் சொன்னது வேறு ஃபைல்! கரடியைப் பற்றி நான் அப்படிச் சொல்லவே இல்லை.

காங்கயம்காளை | காலை 10:24

எல்லாம் ஒரே விண்டோஸ்தானே. தம்பி, இப்போது என்ன சொல்கிறாய்?

பெருந்துறைக்காரன் | காலை 10:26

காங்கயம் காளையும் ஜெர்சிப் பசுவும் ஒன்றா? இரண்டுக்கும் நாலு கால்தான்.

காங்கயம்காளை | காலை 10:50

காளையை இழுக்காதே. இழுத்தால் நானும் பழசைக் கிளறுவேன். 2004-ல் என் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சொன்னபோது, ஃபார்மேட் செய்து தருகிறேன் என்று தூக்கிப்போனது யார்? பெண்ணின் கல்யாண மொய்க் கணக்கு முழுக்க எக்ஸெலில் இருந்தது. அறுநூறு பேர் பேர், ஊர், தொகை. துடைத்து வெள்ளையாக்கிக் கொண்டுவந்து கொடுத்தாயே! இன்றைக்கு வரைக்கும் யார் வீட்டு விசேசத்துக்கு எவ்வளவு திருப்பி வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன். எந்த வைரஸும் செய்யாததை நீ செய்தாய்.

பெருந்துறைக்காரன் | காலை 10:58

பேக்கப் எடுத்துவிட்டீர்களா என்று மூன்று தடவை கேட்டேன். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றீர்கள். ஃபிளாப்பியில் பார்த்தால் என்ன இருந்தது? அந்தக் கரடி மெயிலின் நகல்! அத்தை முன்னாடி வேண்டாம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மஞ்சமண்டி ஈரோடு | காலை 11:10

ஏனுங்க காளை அண்ணா, அந்தக் கல்யாணத்துக்கு நான் 1001 வைத்தேன். போன ஆவணியில் என் பையன் கல்யாணத்துக்கு நீங்கள் வைத்தது 501. ஏதோ மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

காங்கயம்காளை | காலை 11:14

நீங்கள் வைத்தது 501தான். எனக்கு மனப்பாடம்.

மஞ்சமண்டி ஈரோடு | காலை 11:15

இப்போதுதானே கணக்கு அழிந்துவிட்டது என்றீர்கள்?

பொள்ளாச்சி இளநீர் | காலை 11:17

இளநீர் சீவிக்கொண்டே படிக்கிறேன், விரலை வெட்டிக்கொள்ளப் போகிறேன்.

காங்கயம்காளை | காலை 11:40

பேச்சை மாற்றாதீர்கள். மொய்யைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். நான் கேட்டது கரடி. இந்த 11 மெஷினில் ஒன்றின் சிபியூ இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கி ஓடவிட்டுக் காட்டுகிறேன், நம்பாதவர்கள் வீட்டுக்கே வந்து பாருங்கள். கரடி இருக்கிறதா இல்லையா என்று அப்போது தெரியும்.

பெருந்துறைக்காரன் | காலை 11:43

அதுதான் அழித்துவிட்டீர்களே! இல்லாத கரடியை எப்படிக் காட்டுவீர்கள்?

காங்கயம்காளை | காலை 11:46

இல்லையல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மஞ்சமண்டி ஈரோடு | காலை 11:52

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அந்தப் பரணில் மொய் நோட்டு ஏதாவது கிடக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.