ஒரு படி அரிசி எத்தனை கிராம்? அதிரசத்திற்கு அவசர உதவி தேவை

அடுப்படிக்குப் புதியவள்:
வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய குறிப்பேட்டில் அதிரசத்திற்கு ‘ஒரு படி அரிசி, ஒரு கிலோ வெல்லம்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. வீட்டில் படி இல்லை. எனக்குப் பாதி அளவே போதும். எத்தனை கப் மாவு எடுப்பது என்று விரைவாகச் சொல்லுங்கள். இன்றிரவே பாகு காய்ச்ச வேண்டும்.

மல்லிகைப் பந்தல்:
எந்தக் கப் என்று சொன்னால்தானே கணக்கிட முடியும்? அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் கப் ஏறத்தாழ 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி., ரைஸ் குக்கருடன் தரும் கப்போ பெரும்பாலும் 180 மி.லி. மேலும் குறிப்பில் அரிசி என்று இருக்க, நீங்கள் மாவைக் கேட்கிறீர்கள். தராசு இருக்கிறதா?

ஈரமாவு:
மாவைக் கப்பால் அளக்கவே வேண்டாம். ஊறிய பச்சரிசி தன் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை ஏற்றுக்கொள்ளும். அதை இடித்துச் சலித்தால் காற்றும் சேர்ந்து பொங்கி நிற்கும். அதே மாவைக் கையால் அழுத்தினால் கப்பில் பாதி இடம் காலியாகிவிடும். ஆகவே ஊறவைப்பதற்கு முன்பே உலர்ந்த அரிசியை அளந்துகொள்ளுங்கள். அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோவதற்கு மாவின் ஈரம்தான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மூத்த சமையற்காரர்:
இக்கேள்விக்கு முன்பே பலமுறை விடை சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை வேண்டும். 8 ஆழாக்கு ஒரு படி. இந்த அடிப்படையை அறியாதவர்கள் அதிரசத்தில் இறங்குவதற்கு முன் கேசரியில் பழகுவது நல்லது. பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். அந்தப் பதம் தெரிந்தவருக்குத் தராசு எதற்கு?

மரக்கால்:
8 ஆழாக்கு என்பது சரிதான் ஐயா, ஆனால் அந்த ஆழாக்கு எவ்வளவு? பட்டணம் படி ஓர் அளவு, ஊர்ப்படி வேறோர் அளவு. 1956ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் நிலைபெற்ற பிறகும் வீடுகளில் பழைய படியே புழங்கியது. தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்பதும் குறிப்பில் இல்லை.

மூத்த சமையற்காரர்:
அரிசியைக் குவித்துத்தான் அளப்பார்கள். தலைதட்டி அளப்பது கடைக்காரரின் வழக்கம்.

மரக்கால்:
எங்கள் பக்கத்தில் குவித்து அளந்தது நெல்லைத்தான். அரிசியைத் தலைதட்டியே அளந்தார்கள். நீங்கள் சொல்வது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கலாம். எல்லா ஊருக்கும் அது பொருந்தாது.

மல்லிகைப் பந்தல்:
படியை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். படியை ஒன்றரை லிட்டர் என்று கொண்டால் பச்சரிசி ஏறத்தாழ 1,250 கிராம் வரும். அதற்கு ஒரு கிலோ வெல்லம் என்றால் அரிசியில் ஐந்தில் நான்கு பங்கு, வழக்கமான முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதல். இரண்டையும் எடையிலேயே வைத்துக்கொண்டால் படியின் அளவைப் பற்றிய சண்டைக்கே இடமில்லை. வெல்லத்தை மட்டும் கப்பால் அளக்காதீர்கள், ஏனெனில் பொடித்தது, தட்டியது, கட்டியாக இருப்பது எல்லாம் வெவ்வேறு எடை காட்டும். எந்தக் கப் என்பதில் ஐயம் இருந்தால், அதில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். தண்ணீரின் கிராமே கப்பின் மில்லிலிட்டர்.

அடுப்படிக்குப் புதியவள்:
தராசு இருக்கிறது, சொல்ல விட்டுப்போயிற்று. கப்பில் தண்ணீர் 180 கிராம் நின்றது. அதில் நான்கு கப் பச்சரிசி 600 கிராம் காட்டியது, ஊறப்போட்டுவிட்டேன். வெல்லம் 480 கிராம் எடுத்து வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.

ஈரமாவு:
நிழலில் உலர்த்தும்போது முழுவதும் காயவிட்டுவிடாதீர்கள். கையில் பிடித்தால் பிடிபடும் ஈரம் இருக்க வேண்டும். பாகில் மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி மாவு மிஞ்சினாலும் அதைக் கட்டாயம் சேர்த்துவிட வேண்டும் என்று எண்ணாதீர்கள்.