குண்டூசியைப் பிடுங்கலாமா?

வடசேரியான்: நாவலும் எழுதி, பத்திரிகை வேலையும் பார்த்த ஒருத்தருடைய தாள்களைக் காப்பாற்றுவது எப்படின்னு கேட்டால், தக்கலைக்காரர் அருளியிருக்கிறார்: "குண்டூசியெல்லாம் பிடுங்கி, வருஷவாரியா அடுக்குங்க, முடிஞ்சுது சோலி." அந்தக் குண்டூசிதான் வே சாட்சி! எந்தச் செய்தி நறுக்கு எந்த அத்தியாயத்தோடு குத்தியிருக்குன்னு பார்த்தால்தான் செய்தி எங்கே கதையாச்சுன்னு தெரியும். உம்ம கணக்குப்படி நறுக்கு ஒரு பெட்டி, நாவல் வேறொரு பெட்டி.

தக்கலைக்காரன்: சாட்சி துருப்பிடிச்சால்? எடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) மாறிமாறிக் கொட்டுகிற ஊரு. மழைமாசத்தில் ஈரப்பதம் சாதாரணமா 80 சதவீதம் தாண்டும். துரு தாளின் நாரையே அரிக்கும். முதல்ல பழுப்பு வட்டம், பிறகு ஓட்டை. பிடுங்கத்தான் வேணும்.

வடசேரியான்: கொறடும் வச்சிருக்கீரா? துருவேறின ஊசியை இழுத்தால் தாளும் கூடவே வரும். குத்தினபடியே முதல்ல ஒரு படம் எடும். ரெண்டு தாளின் பின்மூலையிலும் 2பி பென்சிலால் ஒரே எண் போடும், பேனா கூடாது. ஊசிக்கு மேலும் கீழும் மெல்லிய பாலியெஸ்டர் பிலிம் துண்டைச் செருகி, லேசாகத் திருகும். துரு விட்ட பிறகு தலைப்பக்கமாக உருவும்.

தக்கலைக்காரன்: எடுக்கத்தானே சொல்லுகீரு? நானும் அதைத்தானே சொன்னேன்.

வடசேரியான்: நீர் சொன்னது பிடுங்க. நான் சொன்னது உருவ.

தேரூர் வாசகி: ஊசியை விடுங்க அண்ணாச்சி. செய்தித்தாள் மரக்கூழ். அதன் அமிலம் பக்கத்துக் கையெழுத்துத் தாளிலும் பழுப்பா இறங்கும். நடுவில் அமிலமில்லாத தாள் வச்சு, ரெண்டையும் ஒரே உறையில் போடணும். அமிலத்தைக் கழுவுகிறேன்னு தண்ணியில் முக்கினால் பேனா மை ஓடிரும்.

குழித்துறையான்: எதுக்கு இந்தப் பாடு? சென்னைக்கு அனுப்புங்க. பழைய புத்தகங்களைச் சேர்த்துவச்ச கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரமே 1994ல் அங்கேதானே நூலகமாச்சு.

வடசேரியான்: சென்னையிலும் கடலும் ஈரக்காத்தும் இல்லையோ? பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைச்சால் எந்த ஊரானாலும் பூஞ்சைதான். ஓட்டினால் 24 மணி நேரமும் ஓட்டணும்.

தக்கலைக்காரன்: பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போட்டால் போதும்.

தேரூர் வாசகி: மூச்சுக்குக் கேடு, பூஞ்சைக்கும் உதவாது. தாள்கட்டைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்கணும். வெளியே எடுத்தால் ஒரு நாள் பிரிக்கக் கூடாது. பிரிச்சால் தாளில் வியர்க்கும்.

குழித்துறையான்: சாளை மீன் வைக்கிற பெட்டியிலயா?

வடசேரியான்: பேச்சை மாத்தாதீரும். "பிடுங்க"ன்னு எழுதினவர் முதல்ல அதைத் திருத்தட்டும். ஓலைச்சுவடிப் பேச்சிலும் இதே ஆள்தான் வசம்பு வச்சால் கறையானும் அண்டாதுன்னு அடிச்சுவிட்டது.

தக்கலைக்காரன்: திருத்த மாட்டேன். தலைப்பக்கமா பிடுங்கினாலும் பிடுங்கல்தான் வே.