ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் வண்டி அணைந்துவிடுகிறது, அவசரம்

பழைய800: மாருதி 800ஐ வீட்டு ஷெட்டிலேயே எலெக்ட்ரிக் ஆக்கினேன். சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. மருதமலை ஏற்றத்தில் மிதித்தால் மொத்தமும் அணைந்துவிடுகிறது. சாவியை ஆஃப் செய்து போட்டால் மறுபடி ஓடும். மீட்டர் 70 சதவீதம் காட்டுகிறது. ஞாயிறு அன்று அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும். என்ன கோளாறு?

வயர்மேன்: என்ன பேட்டரி, எத்தனை வோல்ட், எந்த கியர்? எதுவுமே சொல்லவில்லையே.

தாமிரக்கம்பி: மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் சூடாகிறது. பெரிய ஹீட்சிங்கும் ஃபேனும் போடுங்கள். என் ஆட்டோவிலும் இதேதான் நடந்தது.

பழைய800: மன்னிக்கவும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, 24 செல், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி). மோட்டார் 10 கிலோவாட். பழைய கியர்பாக்ஸ்தான், மூன்றாவதில் ஏறினேன். அணையும்போது டேஷ்போர்டும் இருட்டாகிவிடும்.

சீனியர்வோல்ட்: அடிப்படை தெரியாமல் ஸ்பேனரைத் தூக்கினால் இப்படித்தான். டேஷ்போர்டு போகிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கன்ட்ரோலர் சூடானால் மோட்டார் மட்டும்தான் நிற்கும். எல்லாமே போனால் பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணிக்கும் பாதுகாப்பு போர்டு, மொத்த பேட்டரி பேக்கையே வெட்டுகிறது என்று அர்த்தம். தனி 12 வோல்ட் பேட்டரியையும் கழற்றிவிட்டீர்கள் போல. இரவில் ஏற்றத்தில் ஹெட்லைட்டும் சேர்ந்து போகும், தெரியுமா? 70 சதவீதத்தையும் நம்பாதீர்கள். எல்எஃப்பியில் வோல்டேஜ் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும், அதை வைத்து சார்ஜ் சொல்ல முடியாது.

கிளட்ச்தம்பி: மூன்றாவது வேண்டாங்க, முதல் அல்லது இரண்டாவதில் ஏறுங்கள். சக்கரத்தில் டார்க் (சுழற்றும் விசை) பெருகும், கரண்ட் குறையும்.

தாமிரக்கம்பி: கியர்பாக்ஸே வீண் சுமை. மோட்டாரை நேரடியாக, சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலில் கோர்ப்பதுதான் சரி.

கிளட்ச்தம்பி: 10 கிலோவாட் மோட்டாரை ஒரே ரேஷியோவில் மலை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சட்டம்பேசி: ஆர்டிஓ பதிவு மாற்றினீர்களா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அங்கீகரித்த கிட் வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சந்தேகம். அப்பாவை வேறு ஏற்றப் போகிறீர்கள்.

தாமிரக்கம்பி: இப்படியே பயமுறுத்தினால் யாருமே செய்து பார்க்க மாட்டார்கள்.

சட்டம்பேசி: செய்து பார்க்கட்டும், சொந்த இடத்தில். ரோட்டில் அடுத்தவனும் போகிறான்.

வயர்மேன்: சண்டை போதும். தம்பி, பிஎம்எஸ் ஆப்பைத் திறந்து வையுங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பார்க்கட்டும். மிதிக்கும்போது எந்த செல்லின் வோல்டேஜ் மட்டும் விழுகிறது?

பழைய800: 180 ஆம்பியரில் மற்றவை 3.1 வோல்ட். 9ஆவது மட்டும் 2.4க்குப் போய் வெட்டுகிறது. நின்றதும் 3.3. செல் செத்துவிட்டதா?

வயர்மேன்: உடனே திரும்பி வருகிறதே, செல்லைவிட அதை இணைக்கும் போல்ட் ஜாயிண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். 0.7 வோல்ட், 180 ஆம்பியர்: ஒரே போல்ட்டில் 126 வாட் சூடு! தீப்பிடிக்கும். இன்றைக்கு ஓட்ட வேண்டாம். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு பாருங்கள். அலுமினிய மரை, அதிகம் முறுக்கினால் வழுக்கிவிடும்.

கிளட்ச்தம்பி: இன்ஜினைக் கழற்றினால், பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டருக்கு அது தந்த வேக்கமும் போய்விடும். உங்கள் மாடலில் பூஸ்டர் உண்டா? வேக்கம் பம்ப் வைத்தீர்களா?

பழைய800: 9ஆவது போல்ட் விரலாலேயே சுழன்றது. பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) அடியில் கறுத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இப்போது எல்லா செல்லும் 3.1. இரண்டாவது கியரில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

கிளட்ச்தம்பி: சந்தோஷம். பிரேக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இறங்கும்போதுதான் அது தெரியும்.