புதுப்பிப்பு: கதிர்க்குருவி ஒருவழியாக அகப்பட்டது

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் சாம்பல் கதிர்க்குருவியைத் துரத்தித் துரத்தி, வெறும் வாலும் ஆடும் கோரையும்தான் படத்தில் விழுகின்றன என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். துரத்துவதை விடுங்கள், அது உட்கார்ந்து பாடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்றார் ஒருவர். அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

மூன்று நாள் காலையில் கேமராவைத் தொடாமல் சும்மா பார்த்தேன். ஆண் பறவை ஒரே காய்ந்த கருவேலங்குச்சிக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நான்காம் நாள் ஆறரை மணிக்கே வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தக் குச்சியின் நுனியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியிலிருந்து 1/2000 நொடிக்கு ஏற்றியதில் உள்ளே விழும் வெளிச்சம் குறைந்து, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200 ஆகிவிட்டது. படத்தில் மணல் தூவியதுபோல் இருக்கிறது; போகட்டும், கலங்கிய படத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இந்தக் குருவி பறக்கும்போது விரல் சொடுக்குவதுபோல் 'டிக் டிக்' என்று ஓர் ஒலி எழும். குருவி வருகிறது என்று எனக்குச் சொல்லும் மணி அதுதான். 140 படங்களில் ஆறு தேறின. ஒன்றில் வால் செங்குத்தாக நிமிர்ந்து, அலகு திறந்து, செம்மஞ்சள் கண்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமே என்று கேட்டவருக்கு: அலகில் நார் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். கூடு கட்டுகிற நேரம், அதைச் செய்யமாட்டேன்.