5 வருடம் கழித்துக் கிடைத்த ஆமை எங்கள் லட்சுமிதானா? எப்படி உறுதி செய்வது?

மலர், சுங்கை சிப்புட், மலேசியா:

வணக்கம். எங்கள் ஆமை லட்சுமி 2020 தீபாவளிக்கு முந்தின வாரம் காணாமல் போனது. அடைமழையில் பின்வேலிக்கு அடியில் மண் கரைந்து, அந்தச் சந்து வழியாகப் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். ஒரு மாதம் டார்ச்லைட்டோடு தேடினோம். சுல்காட்டா என்னும் ஆப்பிரிக்கத் தரை ஆமை வகை. போகும்போது ஓடு ஒரு சாண் நீளம்.

போன வாரம் அதே தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், காய்ந்த மட்டை அடுக்குக்குள் கிடந்த ஆமையை உரச் சாக்கில் போட்டு மோட்டாரில் கொண்டுவந்தார். பார்த்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஓடு இரண்டு சாண் இருக்கிறது. வலது பின்பக்கம் தீயில் வெந்த மாதிரி வெளிறிப் போயிருக்கிறது. தாடைக்குக் கீழே ஓடு கவட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, லட்சுமிக்கு அப்படி இருந்ததே இல்லை.

அம்மா செம்பருத்திப் பூவை நீட்டினார். நேராக வந்து தின்றது. "லட்சுமிதான்" என்று அழுதுவிட்டார். ஆனால் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒருவர் தன்னுடையது என்கிறார். அவர் ஆமையும் தொலைந்தது உண்மைதான். அடுத்தவர் வளர்த்த உயிரை நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. எதைப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும்?

தோட்டத்து மணி, கோலகங்சார்:

தங்கச்சி, முதலில் அது சுல்காட்டாதானா என்று பாருங்கள். நம் பக்கத்துக் காட்டிலேயே தலை மஞ்சளாக, ஓட்டில் கறுப்புத் திட்டோடு ஓர் ஆமை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு மூக்கும் கண்ணோரமும் ரோஸ் நிறமாகிவிடும். ஆமை வேறு மாதிரி ஆகிவிட்டதே என்று ஏமாந்துபோவோம். சுல்காட்டாவுக்குக் கழுத்துக்கு நேர் மேலே ஓட்டின் விளிம்பில் சின்னக் கட்டம் இருக்காது, தொடையில் கூம்பு மாதிரி முள் இருக்கும். காட்டு ஆமையாக இருந்தால் அது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போ ராணி அக்கா:

மலர், பூவுக்கு வந்தது சாட்சி ஆகாதும்மா. பசித்த ஆமை யார் நீட்டினாலும் வரும். அளவு, எடை, நிறம் எல்லாம் மாறிவிடும். ஓட்டு வளையத்தை எண்ணி வயது சொல்வதையும் நம்பாதீர்கள், தீனி நன்றாகக் கிடைத்த வருடத்தில் ஒன்றுக்கு மேலேயே வளையம் விழும்.

தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது பெரிதான ஆணின் அடையாளம். வயிற்று ஓடு உள்வாங்கி, வால் நீளமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு சாண் அளவில் ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. லட்சுமி ஆணாகவே இருந்திருக்கலாம்.

மாறாதது கட்டங்களின் அமைப்பு. முதுகில் நடுவரிசையில் ஐந்து, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. சிலதுக்கு ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும், அல்லது கோடு கோணலாக ஓடும். அது முட்டைக்குள்ளேயே அமைந்துவிடுவது, கடைசிவரை அப்படியே இருக்கும். கட்டம் ஓரங்களில்தான் வளரும். குஞ்சாக இருந்தபோதைய ஓடு, தேய்ந்துபோகாவிட்டால், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சொரசொரப்பான சின்னத் திட்டாக நிற்கும். குஞ்சில் காய்ந்த இடத்தில் வளர்த்து மேடு தட்டியிருந்தால் அந்த மேடும் போகாது, அதைச் சுற்றிப் பின்னால் வளர்ந்தது மட்டும் வழவழப்பாக வரும்.

வயிற்றுப் பக்கக் கோடுகளும் ஆமைக்கு ஆமை வேறுபடும். பழைய படங்களைத் தேடுங்கள். இப்போது நேர் மேலேயிருந்து ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று எடுங்கள். ரொம்ப நேரம் மல்லாத்தி வைக்காதீர்கள். என்ன கண்டுபிடித்தாலும், தன்னுடையது என்று சொல்லும் அந்தத் தாமான்காரரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், அவர் ஆமையின் பழைய படத்தையும் கேளுங்கள்.

மலர்:

அக்கா, கைநடுங்க எழுதுகிறேன். கழுத்துக் கட்டம் இல்லை, தொடையில் முள் இருக்கிறது. 2019 பொங்கலுக்குக் குழாயடியில் கழுவும்போது எடுத்த படம் அம்மாவின் பழைய போனில் இருந்தது. நடுவரிசையில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில், இடது ஓரமாக, வேர்க்கடலைப் பருப்பளவு ஒரு முக்கோணக் கட்டம். இத்தனை நாள் நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அது கட்டைவிரல் அகலம், அதே இடம், அதே சாய்வு. முதல் வருடம் டப்பாவில் விளக்குக்கு அடியில் வளர்த்தோம், அந்த மேடுகளும் நடுவில் இருக்கின்றன, சுற்றிலும் வழவழவென்று இருக்கிறது. வயிறு உள்வாங்கியிருக்கிறது, வால் நீளம். ஆண்தான்.

பக்கத்துத் தாமான்காரரும் படம் கொண்டுவந்தார். அவருடையதில் ஐந்து கட்டம் சரியாக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்களுடையதுதான்" என்றார். அவர் ஆமையின் படத்தைக் குலை வெட்டும் அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம். மட்டை அடுக்குகளில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

ஈப்போ ராணி அக்கா:

சந்தோஷம்மா. வெந்த இடத்தை நீங்களே சுரண்டாதீர்கள். மூக்கு ஒழுகுகிறதா பாருங்கள். ஆமை பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் மலமும் சோதித்து, இடது பின்காலில் அடையாளச் சிப் (மைக்ரோசிப்) போடச் சொல்லுங்கள். வளர்ப்பு உரிமம் பற்றிப் பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள்.

மலர்:

சனிக்கிழமை கூட்டிப்போகிறோம் அக்கா. வேலிக்கு அடியில் ஒரு முழம் ஆழத்துக்குக் கல் பதித்தாயிற்று. பெயரை மாற்றலாமா என்று கேட்டேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் வாசலில் நின்று "லட்சுமி, வா" என்றுதான் கூப்பிடுகிறார்.