ஹெரால்டு: கிளட்சை மிதித்தால் கிராங்க் புல்லி முன்னே நகர்கிறது, நானே சரிசெய்யலாமா?

காவிரிக்கரை69:

வணக்கம். எங்கள் வீட்டில் 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இருக்கிறது. நான்கு கதவு, 948 சி.சி. என்ஜின். அப்பா ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு ஆறு வருடம் திருச்சி வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

இரண்டு வருடமாக ஒவ்வொரு வேலையாக நானே செய்துவருகிறேன். இதைப் போல வீட்டில் வைத்து வேலை பார்க்கத் தோதான வண்டி வேறு இல்லை என்பேன். முன்பக்கம் முழுவதும் மூக்கோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிடும். டயரின் மேல் உட்கார்ந்தபடி என்ஜினைத் தொடலாம். சி.பி. பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான தொடர்புமுனை) மாற்றினேன். டேப்பட் (வால்வு) இடைவெளி வைத்தேன். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது என்று கூட்டுத்தொகை ஒன்பது வருகிற கணக்கு. அப்பா எனக்குப் பத்து வயதில் சொல்லித் தந்தது, கை மறக்கவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. போன ஞாயிறு என் மகன் கிளட்சை மிதித்தபோது, முன்னால் நின்றிருந்த நான் கிராங்க் புல்லி (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முன்முனைச் சக்கரம்) கண்ணுக்குத் தெரியும்படி முன்னே வருவதைப் பார்த்தேன். லேத் பட்டறையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இரவல் வாங்கி கிராங்க்கின் முன்பின் அசைவை அளந்தேன்: 0.46 மி.மீ. கையேட்டின்படி 0.10 முதல் 0.20 வரைதான் இருக்க வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டால், என்ஜினை இறக்கி கிராங்க்கைக் கடைந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். என்ஜினை இறக்காமல், இந்த முன்பின் அசைவைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரை மட்டும் மாற்ற முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பட்டறை:

தம்பி, முதல் காரியமாக வண்டியை ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். இந்த என்ஜினில் த்ரஸ்ட் வாஷர் முழு வட்டம் இல்லை. கிராங்க்கைத் தாங்கும் கடைசி மெயின் பேரிங்கின் இருபுறமும், பிளாக் (என்ஜின் உடல்) பக்கம் மட்டும், பிறைநிலா போல இரண்டே இரண்டு. பேரிங்கின் கீழ்மூடியான மெயின் கேப்தான் அவை சுழன்றுவிடாமல் தடுக்கிறது. தேய்ந்து மெலிந்தால் நழுவி, என்ஜினின் அடியிலுள்ள ஆயில் சேம்பரில் விழும். விழுந்த பிறகு கிராங்க் நேராக பிளாக்கின் வார்ப்பிரும்பில் உரசும். அப்படிப் போன இரண்டு பிளாக்குகளை என் கையால் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறேன். இன்றும் மனம் ஆறவில்லை.

இறக்காமல் செய்யலாம். சேம்பரைக் கழற்றி, பின் மெயின் கேப்பை மட்டும் அவிழ்க்க வேண்டும். கிராங்க்கைப் பின்னுக்குத் தள்ளினால் பின்பக்க வாஷர் தளரும். மெல்லிய தகட்டால் ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனை வெளியே வரும். முன்பக்கத்துக்கு கிராங்க்கை முன்னுக்குத் தள்ளுங்கள். புதியதைப் போடும்போது பள்ளம் வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும், பேரிங்கைப் பார்க்கக் கூடாது. மாற்றிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும்.

கேப்பைக் கழற்றியதும் அதிலுள்ள ஷெல்லை (பேரிங்கின் மெல்லிய உறையை) பாருங்கள். சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி, என்ஜினை இறக்கத்தான் வேண்டும்.

கெஸல்_கோவை:

அண்ணா, என்னுடையது ஸ்டாண்டர்டு கெஸல், என்ஜின் இதே குடும்பம்தான். ஐயா சொன்னபடி நானும் செய்திருக்கிறேன். இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன்.

சேம்பரின் முன் ஓரத்துப் போல்ட்கள் ஒரு அலுமினியத் துண்டில் ஏறுகின்றன. அலுமினியம் மென்மையானது, கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் மரை போய்விடும். எனக்கு ஒன்று போனது. அவற்றை விரலால் ஏற்றி, சிறிய ஸ்பேனரால் மெதுவாக முடியுங்கள். போல்ட் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் மூலையைத் தின்றுவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடியில் படுத்துச் செய்கிற வேலை. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், சேசிஸ் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கட்டாயம் வையுங்கள். பையன் பக்கத்தில் இருக்கட்டும்.

காவிரிக்கரை69:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது.

வாஷர்கள் விழவில்லை. முன்பக்கத்தது ஏறத்தாழப் புதியது போல இருந்தது. பின்பக்கத்ததில் பள்ளமே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னே தள்ளப்படுகிறது, அந்தச் சுமையைத் தாங்குவது பின்பக்க வாஷர்தான் என்பது கையில் வைத்துப் பார்த்தபோது விளங்கியது. சிக்னலில் கியரிலேயே கிளட்சை மிதித்தபடி நிற்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்பா எப்போதும் நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். ஏன் என்று அப்போது நான் கேட்டதில்லை.

ஷெல் நன்றாகவே இருந்தது, செம்பு எங்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சாதாரண அளவு போட்டு அளந்தபோது 0.24. ஆகவே பின்பக்கம் மட்டும் 0.13 மி.மீ. தடிமன் கூடிய வாஷரை மாற்றினேன். இப்போது 0.11. மூன்று முறை அளந்துவிட்டேன். கேப்பை, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்கினேன். தங்கை எச்சரித்த அலுமினிய மரைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று காலை கல்லணை வரை போய் வந்தோம், மகனும் நானும். ஐயாவுக்கும் தங்கைக்கும் என் நன்றி.

தடிமன் கூடிய வாஷர் ஜோடியாகத்தான் கிடைத்தது, ஒன்று மீதம் இருக்கிறது. இதே என்ஜின் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கே சொல்லுங்கள், தபாலில் அனுப்பிவைக்கிறேன். பணம் வேண்டாம்.